சைக்கிளில் நீலகிரி ஏறினோம்!

உதகமண்டலத்துக்குப் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். காரில் போகிறவர்கள், "இன்னும் எத்தனை வளைவு?" என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நாலாவதாக ஒரு வகையும் உண்டு. தொகையில் குறைவுதான். ஆனால் அந்த மலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர்கள் அவர்கள்தாம். சைக்கிளில் போகிறவர்களைச் சொல்கிறேன்!

"சைக்கிளிலா? மலைக்கா? அதுவும் பொம்மனாட்டிகளா?" என்று நீங்கள் மோவாயில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. வையுங்கள், பாதகமில்லை. கட்டுரை முடிவதற்குள் கையை எடுத்துவிடுவீர்கள் என்பது என் நம்பிக்கை.

நாங்கள் மொத்தம் 22 பேர். அவர்களில் பெண்கள் 7 பேர். மதுரையில் புறப்பட்டு, பழநி, பொள்ளாச்சி, கோயம்புத்தூர், நீலகிரி வழியாக ஆறு நாளில் மைசூர் போய்ச் சேருவது திட்டம். கல்லூரி மாணவர்கள், ஒரு பல் டாக்டர், பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற இருவர், புதுக்கோட்டைப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒரு தம்பதி - இப்படிக் கதம்பமான கூட்டம். ஆறு நாள் விருத்தாந்தத்தையும் சொல்லப் புகுந்தால் தொடர்கதை ஆகிவிடும். பத்திரிகையில் அதற்கு ஏற்கெனவே இட நெருக்கடி! ஆகவே நாலாம் நாளை மட்டும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக உதகைக்கு ஏறிய நாள் அது.

முதல் மூன்று நாளும் சமவெளி. புளியமர நிழல், இளநீர், எதிர்க்காற்று என்று பொழுது போயிற்று. நாலாம் நாள் காலையில்தான் எல்லோர் முகமும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் முகம்போல ஆகிவிட்டது. காரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். உதகை 2,240 மீட்டர். வழியிலுள்ள ஏற்ற இறக்கங்களையும் சேர்த்தால், 2,000 மீட்டருக்குக் குறையாமல் அன்று ஏறியாக வேண்டும்.

இதை இட்லிக் கணக்கில் சொல்லட்டுமா? 60 கிலோ எடையுள்ள ஒருவர், 15 கிலோ எடையுள்ள சைக்கிளும் சாமானுமாக 2,000 மீட்டர் ஏறுவதற்கு, உடம்பு ஏறக்குறைய 1,500 கலோரியைச் செலவழிக்கிறது. இட்லி ஒன்றுக்கு 60 கலோரி என்று வைத்துக்கொண்டால் 25 இட்லி! அன்று காலைச் சிற்றுண்டியின்போது கல்லூரி மாணவர்கள் இந்தக் கணக்கை உத்தேசித்தே நடந்துகொண்டார்கள். பரிமாறியவர்தான் பாவம், கொஞ்சம் மிரண்டுபோனார்.

கியர் என்னும் சூட்சுமம்

மலை ஏறுகிற சைக்கிளுக்குள் மாயம் ஒன்றுமில்லை. நம் வீட்டுப் பழைய சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் போய்விடும். மலைக்குரிய சைக்கிளில் மிகச் சிறிய கியரைப் போட்டால், ஒரு சுற்றுக்கு 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அம்மியில் மிளகாய் அரைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மொத்தத்தையும் ஒரேயடியாக வைத்து அரைத்தால் தோள் கழன்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் நேரம் ஆகும், கை வலிக்காது. அரைபடும் மிளகாய் என்னவோ ஒன்றுதான்!

அப்படி ஏறும்போது வேகம் மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர். வேகமாக நடக்கிறவர் நம்மோடு பேசிக்கொண்டே வரலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குப் புறப்படும் மலை ரயில், பல்சக்கரத்தைத் தண்டவாளத்துப் பற்களில் கோத்துக்கொண்டு 46 கிலோமீட்டர் ஏறி, கிட்டத்தட்ட 5 மணி நேரத்தில் உதகையை அடைகிறது. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் வந்த ரயில் அது. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சராசரி வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழேதான்! ரயிலே அப்படிப் போகும்போது நாம் நிதானமாகப் போனால் யார் என்ன சொல்ல முடியும்?

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குன்னூருக்கு, மற்றொன்று கோத்தகிரிக்கு. குன்னூர் வழியில் பஸ்ஸும் லாரியும் அதிகம். கோத்தகிரி வழியில் உதகை போக சுமார் 10 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் ஏற்றம் கொஞ்சம் சாது, போக்குவரத்தும் குறைவு. நாங்கள் சாதுவையே தேர்ந்தெடுத்தோம்.

தலையும் வாலும்

புறப்படுமுன் பாக்குத் தோப்பு ஓரத்தில் எல்லோரையும் நிறுத்தி விதிகளைச் சொன்னார்கள். ஒற்றை வரிசையில்தான் போக வேண்டும். முன்னால் போகிறவருக்குத் 'தலை' என்று பெயர். அவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசியில் வருகிறவருக்கு 'வால்' என்று பெயர். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. தலைக்கும் வாலுக்கும் நடுவே அவரவர் வேகத்தில் போகலாம். குஞ்சப்பனை, அரவேணு, கோத்தகிரி ஆகிய இடங்களில் எல்லோரும் வரும்வரை காத்திருக்க வேண்டும். குஞ்சப்பனை வரையில் யானை நடமாடும் காடு என்பதால், அதுவரை மட்டும் ஐந்தைந்து பேராகச் சேர்ந்தே போக வேண்டும்.

கடைசி விதிதான் வயிற்றைக் கலக்கியது. மதியம் 1 மணிக்குள் கோத்தகிரி வந்து சேராதவர்கள், பின்னால் வரும் துணை வேனில் ஏறிக்கொள்ள வேண்டும். மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் மலைச் சாலையில் சைக்கிள்காரரை வண்டியோட்டிகள் பார்ப்பது கடினம். ஆகவே விதி நியாயமானதுதான். ஆனாலும், வீட்டில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்து, மலையை வேனில் ஏறுவதென்றால் எப்படி இருக்கும்?

திருப்பூர் அம்மாளுக்கு இந்தக் கவலை எல்லோரையும்விட அதிகம். வயது 50. "இந்த வயசுல சைக்கிளா?" என்று மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லோரும் கேட்டாகிவிட்டதாம். "வேன்ல ஏறினேன்னு தெரிஞ்சா, கல்யாணம் கார்த்தி எல்லாத்துலயும் இதே பேச்சாத்தான் இருக்குமுங்க" என்று என்னிடம் சொன்னார்.

'வால்' உத்தியோகம் புதுக்கோட்டை ஆசிரியைக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாலாக வருகிறவர் கூட்டத்திலேயே பலசாலியாக இருக்க வேண்டும். எல்லோரையும் முந்தக் கூடிய தெம்பு இருந்தும் கடைசியில் வருகிற பொறுமை வேண்டும். அந்த அம்மாளுக்கு இரண்டும் இருந்தன. சைக்கிள் அவருக்குத் தாய்வழிச் சொத்து! 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதில் முனைந்து நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல், நடுவில் குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் பழகியவர்கள் ஏராளம். ஆசிரியையின் தாயாரும் அவர்களில் ஒருவர். "எங்கம்மா புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, முன்னால என்னை உட்கார வச்சு, பின்னால தண்ணிக்குடம் கட்டிட்டு வருவாங்க. அதைவிடவா இந்த மலை கஷ்டம்?" என்றார்.

காட்டுக்குள்ளே

காலை 6.45க்கு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்பட்டோம். யானைக் காட்டை இருட்டில் கடப்பது புத்திசாலித்தனம் அல்ல. கொஞ்ச தூரம் சமதளம். பிறகு சாலை மெதுவாகத் தலையைத் தூக்கியது. மூங்கில் புதர், காய்ந்த புல், எங்கோ கூவும் குயில், 22 சைக்கிள்களின் சங்கிலிச் சத்தம். இவை தவிர வேறு ஓசை இல்லை. சாலையில் ஓரிடத்தில் யானைச் சாணம் கிடந்தது. அதைக் கண்டதும் எங்கள் ஐவர் குழுவுக்கு எங்கிருந்தோ புதிய பலம் வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

எங்கள் குழுவில் திருப்பூர்த் தம்பதி, நான், ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி ஒருவர், வாலாக ஆசிரியை. தம்பதியில் கணவர் நல்ல மனுஷர். மனைவியிடம் மிகுந்த பிரியம். அந்தப் பிரியம் முழுவதும் அன்று உபதேசமாக வெளிப்பட்டது.

"அம்மிணி, கியரைக் குறை!"

"மூச்சை இழுத்து விடு!"

"வளைவு வருது, பார்த்து!"

"இப்ப பெடலை விட்டுறாதே!"

அவர் சற்று முன்னே போவார், திரும்பிப் பார்ப்பார், வேகத்தைக் குறைப்பார், மறுபடியும் உபதேசம். அந்த அம்மாள் அவரை எட்டிப் பிடிக்க அவசரமாக மிதிப்பார், மூச்சு வாங்கும். அவர் மெதுவாகப் போனால் இவரும் மெதுவாக மிதிப்பார்; சைக்கிள் தள்ளாடும். மலையில் நம் சக்திக்கு மேல் வேகமாகப் போனாலும் கஷ்டம், அளவுக்கு மீறி மெதுவாகப் போனாலும் கஷ்டம். வேகம் ரொம்பக் குறைந்துவிட்டால் சைக்கிள் நேராக நிற்காது; அதை நிமிர்த்தவே பாதிப் பலம் போய்விடும். ஒவ்வொருவருடைய காலுக்கும் நெஞ்சுக்கும் ஏற்ற ஒரு வேகம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அதிலேயே போனால் நாள் முழுவதும் ஏறலாம்.

குஞ்சப்பனையை அடைந்தபோது மணி 9.30. பலாப்பழப் பருவத்தில் பழத்தைத் தேடி யானைகள் வருகிற இடம் அது. நாங்கள் போனது ஜனவரி ஆகையால், எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவை கல்லூரி மாணவர்கள் மட்டுமே! உப்புப் போட்ட எலுமிச்சை ரசம், வாழைப்பழம், கடலை மிட்டாய் கொடுத்தார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை. அவரவர் கொண்டுவந்த புட்டியில் நீர் பிடித்துக்கொண்டோம். பெண்கள் வெளியே கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியும் உண்டல்லவா? அந்த ஏற்பாட்டையும் யோசித்தே தங்கும் இடங்களைக் குறித்திருந்தார்கள். சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்களிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தயங்க வேண்டாம்.

எலுமிச்சை ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுத் திருப்பூர் அம்மாள் கணவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, இனி நீங்க முன்னாடி போங்க. நான் வந்துர்றேன்."

"நீ தனியா எப்படி வருவே?"

"தனியாவா? முன்னாடி இருபது பேரு போறாங்க. பின்னாடி டீச்சரம்மா வர்றாங்க. இருக்கறது ஒரே ரோடு. நான் எங்கீங்க காணாமப் போயிருவேன்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"முப்பது வருசமா உங்க கூட நடக்கறனுங்க. உங்க எட்டு எனக்குப் பெரிசு. ஓடி ஓடித்தான் வந்திருக்கேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு என் எட்டுல போறேன்."

கணவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "சரி அம்மிணி, கோத்தகிரில பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து புறப்பட்டுவிட்டார்.

1 மணிக்குள்

அதற்குப் பிறகு சாலையில் கடைசி மூவர் நாங்கள்தான்: திருப்பூர் அம்மாள், நான், ஆசிரியை. பேச்சே இல்லை. அந்த அம்மாளின் சைக்கிள் தள்ளாட்டம் நின்றுவிட்டது. தையல் மிஷினை மிதிப்பதுபோல் ஒரே தாளத்தில் கால்கள் சுற்றின. கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் ஆசிரியை பின்னாலிருந்து, "வண்டி இல்லை, கொஞ்சம் வெளியே தள்ளி ஏறுங்க" என்று மட்டும் சொல்வார். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரம்தான் செங்குத்து. சற்று விலகி ஏறினால் பாதிக் கஷ்டம் குறையும். மலைச் சாலையில் ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. அன்று எதிரே வந்த பஸ்காரர்கள் அதை அழகாகக் கடைப்பிடித்ததோடு, ஜன்னல் வழியாகக் கையும் அசைத்தார்கள்.

உயர உயரக் காற்று மாறிற்று. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். கீழே வியர்வையில் நனைந்த சட்டை, மேலே வந்ததும் சில்லென்று முதுகில் ஒட்டியது. முதலில் மூங்கில் போயிற்று. பிறகு காப்பியும் சில்வர் ஓக் மரங்களும் வந்தன. அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. முதுகில் பையும் இடுப்பில் ரப்பர்த் துணியுமாக இலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எந்த ஊரிலிருந்து வர்றீங்க?"

"மதுரையிலிருந்து!"

"சைக்கிள்லயேவா? யாராவது சம்பளம் தர்றாங்களா?"

"இல்லை, நாங்கதான் பணம் கட்டியிருக்கோம்."

அவர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது. தினமும் சரிவில் ஏறி இறங்கிக் கூலி வாங்குகிறவர்களுக்கு, காசு கொடுத்து மலை ஏறுகிறவர்களைக் கண்டால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

அரவேணுவைத் தாண்டி ஓரிடத்தில் ஏற்றம் அதிகம். திருப்பூர் அம்மாள் இறங்கிவிட்டார். முகம் சிவந்திருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். துணை வேன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தம்பி ஒன்றும் பேசாமல் கதவை மட்டும் திறந்தார். உள்ளே மெத்தென்ற ஆசனம். கீழ்ப் பகுதியிலேயே ஏறிக்கொண்ட இருவர் அதில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மணி 12. கோத்தகிரிக்கு இன்னும் 4 கிலோமீட்டர்.

நானும் நின்றேன். ஆசிரியையும் நின்றார். "ஏறாதீங்க" என்றும் சொல்லவில்லை, "ஏறிக்கோங்க" என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் வேனைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், புட்டியிலிருந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"தம்பி, நீங்க போயி கோத்தகிரில மூணு டீ சொல்லி வைங்க" என்றார்.

வேன் போய்விட்டது. இன்னும் ஒரு இருநூறு அடி தள்ளிவிட்டு, ஏற்றம் தணிந்த இடத்தில் அவர் மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். தள்ளிக்கொண்டு போவது தோல்வி என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சைக்கிளும் ஆளும் ஒன்றாக மேலே போனால் ஏற்றம்தானே?

கோத்தகிரிக் கடைவீதிக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி 12.40. மூன்று டீயும் ஆவி பறக்க மேஜை மேல் இருந்தது!

கோத்தகிரியில்

அங்கே ஒரு காட்சி. திருப்பூர்க்காரர் பெஞ்சில் இரண்டு காலையும் நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர் ஆடுசதையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சமமாக ஒன்றரை மணி நேரம் மிதித்ததில் கெண்டைக் கால் இரண்டும் சுருட்டிப் பிடித்துக்கொண்டுவிட்டன! மனைவியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்; முடியவில்லை.

"வந்துட்டியா அம்மிணி! எப்படி இருக்கே?"

"நான் நல்லாத்தானுங்க இருக்கேன். உங்க காலு என்னாச்சு?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீயை உறிஞ்சினார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த வர்க்கியை அவரிடம் நீட்டினார்.

கோத்தகிரி என்றால் கோத்தர்களின் மலை. அந்தப் பழங்குடியினர் இன்றும் அங்கே வசிக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் முதலில் குடியேறிய இடமும் இந்தப் பக்கம்தான். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் இங்கே ஏறி வந்தார். பிறகு கைதிகளைக் கொண்டு சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கத்துத் திம்பட்டிக்கு ஒரு பாதை போடச் செய்தார். 1823இல் அது முடிந்தது. கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களாவைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். நாங்கள் ஏறி வந்தது நல்ல தார்ச்சாலை. கல்லையும் மண்ணையும் வெட்டி முதல் பாதையைப் போட்ட அந்தப் பெயர் தெரியாத கைதிகளை நினைத்தபோது, எங்கள் கால்வலி பெரிதாகத் தோன்றவில்லை.

மூடுபனியோடு பந்தயம்

சாப்பாடு முடிந்து 2 மணிக்குக் கிளம்பினோம். திருப்பூர்க்காரர் வேனில்! அந்த அம்மாள் சைக்கிளில்! "நீங்க முன்னாடி போங்க" என்று மறுபடியும் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக உதகைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இறங்கி ஏறி, ஏறி இறங்கிப் போகும் சாலை. இரு பக்கமும் படுகர்களின் ஊர்கள். வரிசையாக ஒட்டி நிற்கும் வர்ணம் பூசிய வீடுகள். படிப்படியாக வெட்டிய நிலத்தில் காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பூண்டு. ஒரு திருப்பத்தில் தேயிலைப் பச்சை, அடுத்த திருப்பத்தில் தைல மரத்தின் வாசனை. காரில் போனால் இந்த வாசனை ஒரு நொடி வந்து போகும். எங்களுக்கு ஒரு மைல் கூடவே வந்தது.

மாலை 4 மணிக்குத் தொட்டபெட்டாவின் தோள் பட்டையில் மூடுபனி தெரிந்தது. 2,637 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம்தான் தமிழ்நாட்டிலேயே உயர்ந்தது. சாலை சிகரத்துக்குப் போவதில்லை. அதன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. எல்லோரும் பின் விளக்கைப் போட்டுக்கொண்டோம். யாரும் சொல்லாமலே கூட்டம் நெருங்கி வந்தது. காலையில் காற்றாய்ப் பறந்த பிள்ளைகள் இப்போது எங்கள் பின்னால் வந்தார்கள். காலை முழுவதும் அவரவர் வேகத்தில் வந்ததால்தான் இப்போது சேர்ந்து வர எல்லோரிடமும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தது.

பிறகு இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை இறுக்கக் கூடாது. ஒரே பிடியாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடித்தால் பிரேக் சூடேறாது. குளிரில் விரல் மரத்துப்போகும், ஆகவே கையுறை அவசியம். பழைய சைக்கிள்காரர்களின் உபாயம் ஒன்றையும் சொல்கிறேன்: இறங்குமுன் பழைய காகிதம் சிலவற்றை மடித்துச் சட்டைக்குள் மார்பில் வைத்துக்கொண்டால் குளிர்காற்று அண்டாது. வாரப் பத்திரிகையும் உதவும் - படித்து முடித்த பிறகு!

5.30 மணிக்கு உதகை. விடுதி வாசலில் திருப்பூர்க்காரர் கையில் டீத் தம்ளருடன் நின்றிருந்தார். மனைவி சைக்கிளை விட்டு இறங்கும்வரை ஒன்றும் பேசவில்லை. தம்ளரைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் தான் வாங்கிக்கொண்டார். ஊருக்குப் போன் செய்ததும் அவர்தான். "ஆமா, வேன்ல வந்தது நான்தான்... அவ சைக்கிள்லயேதான் வந்தா... ஆமாங்கறேன்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் மாமியார் என்று யூகிக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டில் பருப்பு வெந்ததும் வேகாததுமாக இருந்தது. சமையற்காரர் மேல் தப்பில்லை. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். ஆனால் அன்றைய பசியில் அந்தப் பருப்பே அமிர்தமாக இருந்தது.

நீங்களும் போகலாம்

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? வரட்டும். 2008இல் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய குழுப் பயணம் தொடங்கியதிலிருந்து இந்த மலைகளில் சைக்கிள்காரர்கள் புதியவர்கள் அல்ல. முதலில் டாக்டரிடம் உடம்பைக் காட்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் உள்ளூரில் பழகுங்கள். மலை இல்லாத ஊரில் மேம்பாலம் இருக்கிறதே! ஆசனத்தின் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே சீசனில் வண்டி நெரிசல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிழக்குச் சரிவில் மழை பலமாக இருக்கும். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. துணை வண்டிக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடன் போகிறீர்கள் என்று பாருங்கள். சேர்ந்து போவது என்றால் ஒட்டிக்கொண்டே போவதல்ல. உங்களை உங்கள் வேகத்தில் விட்டுவிட்டு, சொன்ன இடத்தில் காத்திருக்கத் தெரிந்தவர்களோடு போங்கள். மறுநாள் காலை, புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கக் கூடலூருக்குப் புறப்பட்டோம். திருப்பூர்க்காரரும் சைக்கிளில்தான் வந்தார். உபதேசம் மட்டும் வரவில்லை.

சரி, இப்போது சொல்லுங்கள். மோவாயிலிருந்து கையை எடுத்துவிட்டீர்களா?